நாலு பேர் கொடுத்த ரத்தம்

என் மகள் வயிற்றில் இருந்தபோதுதான் என் ரத்தத்தில் ஒரு கிருமி இருப்பது எனக்குத் தெரியவந்தது. பெங்களூரில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் சோதனைகளில் அதுவும் ஒன்று. வாந்தியைத் தவிர எனக்கு எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. காலையில் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி, பெங்களூரில் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்து, சாயங்காலம் நின்றுகொண்டே திரும்பி வரும் உடம்பு. அதற்கு ஒரு குறையும் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

டாக்டரம்மா மைசூர்க்காரர். கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். காகிதத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, "ஹெபடைட்டிஸ் சி இருக்கு. கல்லீரல்ல தங்கற வைரஸ். எப்பவாவது உங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"சின்ன வயசுல ஏத்தியிருக்காங்க."

அவர் தலையை ஆட்டினார். அப்போதெல்லாம் கொடுக்கிற ரத்தத்தில் இந்தக் கிருமியைத் தேடிப் பார்க்கும் சோதனை எங்கும் பரவியிருக்கவில்லை என்றார். அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஊசி, பல் டாக்டர் என்று வேறு வழிகளும் உண்டு என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"குழந்தைக்கு வருமா?"

"வரலாம். ஆனா பெரும்பாலான குழந்தைங்களுக்கு வர்றதில்ல. கர்ப்பத்துல இதுக்கு மருந்து கொடுக்கறதில்ல. பிரசவம் ஆகட்டும். ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு என் கணவர் ஸ்கூட்டரில் வந்திருந்தார். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. என் வீட்டார் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல் நடந்த கல்யாணம். வண்டியில் ஏறுவதற்கு முன்பே, ஸ்டேஷன் வாசல் மரத்தடியில் நின்று சொல்லிவிட்டேன். குழந்தையைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்று அதற்கான பதிலை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர், "உனக்கு இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

அங்கேயே அழுதேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு, நான் முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார்.

வீட்டில் நானாகவே என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் இரண்டு நாள் பார்த்தார். மறுநாள் காலை என் டம்ளரிலேயே காபியை ஊற்றிக் குடித்துக்கொண்டு, "டாக்டர் இன்னா சொன்னாங்க? சாப்பாட்டுல பரவும்னாங்களா?" என்றார்.

"பரவாதுன்னாங்க. ரத்தம் படற சாமானைத்தான் தனியா வெச்சுக்கச் சொன்னாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்த வேலை?"

அன்றே கடையிலிருந்து வரும்போது எனக்கென்று ஒரு நெயில்கட்டரும் ஒரு பிரஷ்ஷும் வாங்கி வந்து தனி டப்பாவில் போட்டார். மற்றபடி எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. அவருடைய அண்ணன் வீட்டாருக்கு நாங்கள் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

என் அப்பாவுக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அதற்குக் காரணம் வேறு.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது நாங்கள் மாரிகுப்பத்தில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். பக்கத்து வீட்டுக் கொட்டகைமேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்த நான் வழுக்கி விழுந்ததில், தகரத்தின் முனை என் தொடையைக் கிழித்துவிட்டது. அம்மா தன் புடவையைச் சுற்றிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் வேண்டும் என்றார்கள். பூமிக்கு அடியில் இருந்த அப்பாவுக்குச் சேதி போய், அவர் ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கேஜில் ஏறி மேலே வந்து, சேறும் தலைவிளக்குமாக ஓடி வந்தார். அவருடைய ரத்தம் என்னுடையதோடு சேரவில்லை. அம்மாவுடையதும் சேரவில்லை. அப்பா திரும்பவும் சுரங்கத்தின் வாயான ஷாஃப்டுக்கு ஓடினார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்துகொண்டிருந்தவர்களிடம் கைகூப்பிக் கேட்டார். பெரிய கூட்டமே அவரோடு நடந்து வந்தது. அதில் நாலு பேருடைய ரத்தம் சேர்ந்தது. ஈரத்துணியோடு படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கதையை அப்பா என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்வார். "உன் உடம்புல ஓடறது எங்க ரத்தம் மட்டும் இல்ல கண்ணு. நாலு பேரு ரத்தம்" என்பார். அந்த நாலு பேரையும் நான் பெரியப்பா, சித்தப்பா என்றுதான் கூப்பிட்டேன். சுரங்கம் மூடிய பிறகு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். என் கல்யாணத்துக்கு, உயிரோடு இருந்த மூன்று பேரையும் அப்பா தேடிப்பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். அம்மா போன பிறகு அவரிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான். அதை அவரிடமிருந்து நான் எப்படிப் பறிப்பேன்?

மகள் சுகப்பிரசவத்தில் பிறந்தாள். தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும் வரை நிறுத்தச் சொன்னார். சில வாரத்திலேயே ஒரு பக்கம் வெடித்தது. அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். மகள் பழகிய பக்கத்துக்கே முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவாள். "இந்தப் பக்கம் வாடி என் தங்கம்" என்று அவளைத் திருப்பி வைப்பேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் புட்டிப்பால் கலக்க என் கணவர் கற்றுக்கொண்டார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவளுக்குச் சோதனை. சாதாரணச் சோதனை எடுத்தால் என்னிடமிருந்து அவளுக்குப் போன எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டும் என்பதால், கிருமியையே தேடும் சோதனை எடுத்தார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். இருக்கிறது என்று வந்தது.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சில குழந்தைங்களுக்குத் தானாவே போயிடும். போகலைன்னாலும் இப்ப நல்ல மாத்திரை இருக்கு. கொஞ்சம் வளரட்டும். இது மெதுவாப் போற நோய், அவசரம் இல்ல. நல்லாப் பால் குடுங்க, தடுப்பூசி எல்லாம் போடுங்க, கொஞ்சுங்க. மத்தக் குழந்தைய எப்படி வளர்ப்பீங்களோ அப்படி வளருங்க" என்றார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஆராதனை முடிந்ததும் மாரிகுப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த ஞாயிறு, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, அவள் கையில் ஊசி குத்திக் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா இது? கொழந்தைக்கு எதுக்கு ரத்தம் எடுத்தாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு இருக்கிறது, என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். அப்பா பேத்தியின் கையைத் தடவிக்கொடுத்தார்.

"உனக்கு எப்டி வந்துச்சு?"

நான் மகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

"ரத்தம் ஏத்துனாங்களே, அப்பவா?"

"தெரியலை நைனா. இருக்கலாம்னு சொல்றாங்க."

அவர் குழந்தையைப் பாயில் மெதுவாகக் கிடத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கேட்காதவர்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வரவில்லை. போன் செய்தால் எடுத்து, "நல்லாக்கீறேன்மா" என்று சொல்லி வைத்துவிடுவார். பேத்தியைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.

நானே ஒரு லீவு நாளில் மகளைத் தூக்கிக்கொண்டு மாரிகுப்பம் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அப்பா சவரம் செய்யாத முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகளை அவர் மடியில் வைக்கப் போனேன். கையை நீட்டவில்லை.

"நான் இல்ல இட்டுனு வந்தேன்? அவன் அவன் ஷிஃப்ட் முடிஞ்சு சோறு துன்னப் போய்க்கினு இருந்தான். கையெடுத்துக் கும்பிட்டு நான் இல்ல இட்டுனு வந்தேன். உனக்கு உயிரைக் குடுக்கறேன்னு நெனைச்சேன். இந்தப் பச்சை மண்ணுக்கு வெசத்தைக் குடுத்திருக்கேன்."

"நைனா, அன்னிக்கு அந்த ரத்தம் இல்லன்னா நான் ஏது? நான் இல்லன்னா இவ ஏது?"

அது உண்மைதான், ஆனால் அவரைத் தேற்றவில்லை. நான் மகளைக் கட்டிலில் அவர் பக்கத்தில் கிடத்திவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய் டீ போட்டேன். திரும்பி வந்தபோது அவள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அப்டின்னா ரத்தம் குடுத்தவங்கள்ல ஒருத்தருக்கு அது இருந்திருக்கும் இல்ல?"

"ஆமா நைனா."

"இன்னும் இருக்குமா?"

"மருந்து சாப்பிடலைன்னா இருக்கும். பல பேருக்குத் தெரியாமலே இருக்கும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அவங்களுக்கு யாரு சொல்றது?"

என் நோய், என் குழந்தை, என் குற்றம் என்றே உழன்றுகொண்டிருந்த எனக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தோன்றியிருக்கவில்லை.

அடுத்த வாரமே அப்பா சவரம் செய்துகொண்டு கிளம்பினார். நாலு பேரில் இரண்டு பேர் ஊரிலேயே இருந்தார்கள். ஒருவர் மகள் வீட்டோடு கிருஷ்ணகிரியில் இருந்தார். உங்கள் ரத்தத்தில் கோளாறு என்று சொன்னால் பழி போடுவதுபோல் ஆகிவிடுமே என்று, அப்பா ஒரு உபாயம் செய்தார். வயதானவர்கள் எல்லோரும் இந்தச் சோதனை செய்துகொள்ள வேண்டுமாம், துணைக்கு வா என்று கூப்பிட்டார். அவர்களில் ஒருவர், ஊரில் மைசூர் மைன்ஸ் பக்கம் இருந்த சித்தப்பா, அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டேய், நீ ஜுரம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போவாத ஆளு. பொண்ணுக்கு இன்னா? நேராச் சொல்லு" என்றாராம். அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வா போலாம்" என்று முன்னால் நடந்தாராம்.

அரசு ஆஸ்பத்திரியில் அப்பாவும் ஊரில் இருந்த இரண்டு பேருமாக மூன்று பேரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். மூவருக்கும் இல்லை. கிருஷ்ணகிரிக்காரரும் சோதனை செய்துகொண்டு, இல்லை என்று போனில் சொன்னார். மிச்சம் இருந்தது, உயிரோடு இல்லாத ஒருவர்.

அவர் அப்பாவைவிட மூத்தவர். எனக்குப் பெரியப்பா. தங்கவயலிலேயே நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் வீடு. அப்பாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், எங்கள் சபைக்காரர். சுரங்கம் மூடிச் சில வருஷங்களில் வயிறு வீங்கி, ரத்தமாக வாந்தியெடுத்து இறந்துபோனார். குடித்தே செத்தான் என்று ஊர் பேசியது. அடக்கத்துக்கு வந்தவர்களும் அதைத்தான் பேசினார்கள்.

மகளுக்கு ஒன்றரை வயது முடிந்து, மறுபடி எடுத்த சோதனையிலும் கிருமி இருக்கிறது என்று வந்திருந்த சமயம். அப்பாவும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு நந்திதுர்க் போனோம். பெரியப்பாவின் மனைவி, சின்ன வயதிலிருந்தே நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் குடத்தை நகர்த்திவிட்டு, "வா தம்பி. வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனையோ வருஷத்துக் குறை இருந்தது.

உள்ளே உட்கார்ந்தோம். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கும் ஒருமுறை சோதனை செய்துகொள்வது நல்லது என்று முடித்தேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயிறு வீங்குமா இந்த நோயில?"

"கல்லீரல் கெட்டுப்போனா வீங்கும் அத்தை."

"ரத்தமா வாந்தி எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க."

அவர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். "கிறிஸ்மஸ்ல ஒரு வாட்டி, யாராவது கல்யாணம்னா ஒரு வாட்டி. அவ்ளோதான் அவரு. எத்தினி பேர் கிட்ட சொன்னேன் தெரியுமா? புருஷனை மறைக்கறான்னாங்க. நான் பெத்த புள்ளையே நம்பல."

"நானும் நம்பல அண்ணி" என்றார் அப்பா.

"தெரியும் தம்பி."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. "அத்தை, பெரியப்பா கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. எனக்கு வேற எப்படியாவது கூட வந்திருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல" என்றேன்.

"குடிதான்னு உறுதியா சொன்னாங்களே, அவங்க இன்னா வழியில தெரிஞ்சுக்கினாங்க?"

என் மகள் தத்தித் தத்தி நடந்து போய், அவருடைய புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை அவளைப் பார்த்தார்.

"இதுக்குமா?"

"ஆமா."

அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார். குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அன்னிக்கு ரத்தம் குடுத்துட்டு வந்து ஒரு சொம்பு மோரு குடிச்சாரு. ஒரு பொட்டப்புள்ள பொழைச்சுக்கிச்சுடின்னாரு. அந்த மாதிரி ஒரு சந்தோசம் அவரு மூஞ்சில நான் பார்த்ததில்ல. அவருக்கு இன்னா தெரியும் பாவம்? உள்ள இதுவும் சேர்ந்து போவுதுன்னு அவருக்கு இன்னா தெரியும்?"

கொஞ்ச நேரம் கழித்து, பெங்களூரில் வேலை பார்க்கும் தன் மகனிடம் இதைச் சொல்லச் சொன்னார். "நீ சொல்லுமா. நான் சொன்னா அம்மா கதை உடறான்னுவான்." அவரே போனைப் போட்டுக் கொடுத்தார். நான் யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். பிறகு அவர், "அம்மா பக்கத்துல இருக்காங்களா? குடுங்க" என்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அத்தை "சரிடா... சரிடா... உடு... சாப்டியா நீ?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று, "அண்ணி, வர்ற ஞாயித்துக்கிழமை சபையில நான் எழுந்து சொல்லப்போறேன். அண்ணன் குடிச்சுச் சாவலன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார்.

அத்தை குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சொன்னா, உனக்கு எப்டித் தெரியும்னு கேப்பாங்க. உன் பொண்ணு பேரு வரும். இவ பேரு வரும். அப்புறம் எந்தப் புள்ளையாவது இவ கூட உக்காந்து சாப்பிடுமா? அவரு பேரு எப்பவோ போச்சு தம்பி. இவ இனிமேதான் இஸ்கூலுக்குப் போவணும். சும்மா இரு."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என் புள்ள நம்பிட்டான். எனக்கு அது போதும்" என்றார் அத்தை.

அத்தைக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. அதன் பிறகு என் மகளுக்கு நந்திதுர்க்கிலும் ஒரு வீடு உண்டு என்று ஆயிற்று. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவதும், அவளைத் தூக்கிக்கொண்டு போவதும் மறுபடி ஆரம்பித்தது.

பால் மறக்கடித்த பிறகு நான் மாத்திரை சாப்பிட்டேன். மூன்று மாதம், தினம் ஒன்று. அது முடிந்து சில மாதத்தில் என் ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. அத்தனை வருஷம் உள்ளே இருந்தது இவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்து மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளிடம் கொடுத்துவிட்டு நான் தப்பித்துக்கொண்டதுபோல இருந்தது. என் கணவரிடம் அதைச் சொன்னேன். "நீ நல்லாயிருந்தாதான் அவளைப் பார்த்துக்க முடியும். ஒருத்தி கரை ஏறிட்டா, இன்னும் ஒருத்திதான் பாக்கி" என்றார்.

மூன்று வயதிலும் அவளுக்குத் தானாகப் போகவில்லை. சின்னக் குழந்தைகளுக்குத் தூவிக் கொடுக்கும் குறுணை மருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை. கல்லீரல் நன்றாகவே இருக்கிறது, எடை கூடி, சின்ன மாத்திரையை விழுங்கும் வயது வரட்டும் என்றார் டாக்டரம்மா. காத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். தேவையில்லை, அடிபட்டால் எந்தக் குழந்தைக்கும் கையுறை போட்டுத்தானே துடைக்க வேண்டும் என்றார். இருந்தாலும் அவள் விழுந்தாள் என்று போன் வந்தால் என் கணவரை உடனே போய்ப் பார்க்கச் சொல்வேன்.

ஐந்து வயது தாண்டி மாத்திரை வந்தது. சின்னதுதான். ஆனால் அவளுக்கு விழுங்கத் தெரியவில்லை. சீரக மிட்டாய் கொடுத்துப் பழக்கிப் பார்த்தோம். எல்லாவற்றையும் கடித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். தண்ணீரோடு கொடுத்தால் தண்ணீர் மட்டும் உள்ளே போய் மாத்திரை நாக்கிலேயே நிற்கும். கசக்கும். துப்புவாள். அழுவாள். நானும் அழுவேன்.

அப்பாதான் ஒருநாள், "ராகிக் களியை யாராவது மென்னு துன்னுவாங்களா? உருட்டி முழுங்குறதுதானே?" என்றார். எங்கள் ஊரில் களியை முத்தே என்போம். கன்னடக்காரர், தமிழர் எல்லோரும் அதைப் பல்படாமல்தான் விழுங்குவோம். அவளும் இரண்டு வயதிலிருந்து விழுங்குகிறவள்தான். டாக்டரம்மாவைக் கேட்டேன். சிரித்துவிட்டு, "உடைக்காம முழுசாப் போனா சரி. மேலே கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றார்.

அதிலிருந்து தினமும் காலையில் அப்பா வந்துவிடுவார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும். நான் போன பிறகு என் கணவர் களி கிண்டுவார். அப்பா ஓரத்தில் மாத்திரையை வைத்துச் சின்ன உருண்டையாகப் பிடித்து, சாறு என்று நாங்கள் சொல்லும் குழம்பில் தோய்த்துக் கொடுப்பார். ரயில் பங்காரப்பேட்டை தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது போன் வரும். அந்த நெரிசலில் போனைக் காதோடு அழுத்திக்கொள்வேன். "போயிடுச்சுமா" என்பார் அப்பா. வேறு எதுவும் சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்கும் பெண்கள் தினமும் அந்த நேரத்தில் என் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்து, வீட்டுக்காரரா என்று கேலி செய்வார்கள். ஒருநாள் மட்டும் போன் வரவில்லை. நான் போட்டும் யாரும் எடுக்கவில்லை. வாந்தி எடுத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. எடுத்தது மாத்திரை உள்ளே போவதற்கு முன்பா பின்பா என்று மாமனாரும் மருமகனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா இன்னொன்று கொடுக்கச் சொன்னார்.

மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்துக் கடைசிச் சோதனை. முடிவு நான் ஆபீஸில் இருக்கும்போது போனில் வந்தது. கிருமி இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே அதைப் பல தடவை படித்தேன். பிறகு என் கணவருக்குப் போன் செய்தேன். கடையில் யாரோ குக்கருக்கு விலை பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. சொன்னேன். "ம்" என்றார். "இரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்திருந்ததாக, சாயங்காலம் வீங்கிய கண்ணோடு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நந்திதுர்க் போனோம். அத்தையிடம் அப்பாவே சொன்னார். அத்தை கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எல்லாரும் கைய கழுவிக்கினு உக்காருங்க, கறி ஆறுது" என்றார்.

பந்திபோல வரிசையாக உட்கார்ந்தோம். என் மகள் கறியைத் தின்றுவிட்டு, பீன்ஸ் பொரியலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு அதில் ஒன்றை எடுத்து அப்பாவின் தட்டில் எறிந்தாள்.

"ஏய்! சோத்துல இன்னா வெளையாட்டு? எடுத்துத் துன்னு ஒழுங்கா!" என்று அப்பா ஒரு அதட்டு அதட்டினார்.

பேத்தி பிறந்ததிலிருந்து அதுவரை அவர் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எங்களையும் பேச விட்டதில்லை. நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம். மகள் உதட்டைப் பிதுக்கினாள். ஓவென்று அழுதாள். அப்பா கொஞ்சமும் இளகவில்லை. சாறு ஊற்றிப் பிசைந்துகொண்டே, "அழுதுனே துன்னு" என்றார்.